நம் ஆல்பத்தில் நீ இல்லை

இன்று காலை நம் ஆல்பம் என் ஃபோனுக்கு வந்தது. நம் ராக் பேண்டின் சிறந்த பாடல்கள் என்று பெயர் போட்டிருக்கிறது. அட்டையில் கோமுகி அணைமேல் நாம் நான்கு பேரும் நிற்கிற படம். ஓரத்தில் நீ, தோளில் பேஸ் கிடாரோடு. படத்தில் இருக்கிறாய். பாட்டுகளில் இல்லையடா.

நாம் ஸ்டூடியோ வாசலை மிதித்ததே இல்லை. இன்னும் நல்ல பாட்டு வரட்டும், வரட்டும் என்றே காலத்தை ஓட்டிவிட்டோம். அதனால் நம் பாடகன், கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபங்களிலும் சின்னசேலம் கிறிஸ்துமஸ் மேடையிலும் யார் யாரோ ஃபோனில் பிடித்த வீடியோக்களைக் கேட்டு வாங்கி, அவற்றிலிருந்து பாட்டைப் பிரித்துத் தொகுத்திருக்கிறான். அவன் குரல் இருக்கிறது. லீட் கிடார் இருக்கிறது. என் டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கிறது. பந்தியில் எவரோ சாம்பார் கேட்பதுகூடத் தெளிவாக இருக்கிறது. அடியில் ஓடுகிற உன் பேஸ் மட்டும் ஒரு பாட்டிலும் இல்லை. அவ்வளவு தணிந்த ஒலியை அந்தக் குட்டி மைக்குகள் வாங்கவில்லையாம்.

கச்சிராயபாளையத்தில் மலை பஸ்ஸிலிருந்து அந்தக் கிடாரோடு இறங்குவாய். டீக்கடைக்காரர் ஒருநாள், "இன்னாப்பா, அவனுக்கு ஆறு கம்பி, உனுக்கு நாலுதானா? ரெண்டு கம்மியா கீதே" என்றார். "மீதி ரெண்டும் மலையில கீதுங்க, அடுத்த வாட்டி எடுத்தாரேன்" என்றாய், முகம் மாறாமல். மனுஷன் நம்பிவிட்டார். மேடையில் எவனும் உன்னைக் கவனிப்பதில்லை என்று நான் பொருமியபோது, "நம்ம வேல காதுக்கு இல்லடா, வயித்துக்கு" என்றாய். உண்மைதான். நீ வாசித்தால் உட்கார்ந்திருக்கிற நாற்காலியோடு வயிறும் அதிரும்.

போன மழையில் மலைப்பாதையில் உன் வண்டி சறுக்கியது. அதோடு எல்லாம் முடிந்தது.

மத்தியானம் வெள்ளிமலைக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். "நல்லா கீதுண்ணா. இவரு எதுல வராரு?" என்றாள்.

எல்லாவற்றிலும்தான் என்றேன்.

"காட்டுங்க."

விஷயத்தைச் சொன்னேன். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள். "அப்ப பாப்பாவுக்கு உங்கப்பா வாசிச்சது இதுன்னு நான் எதக் காட்டுவேன்?" என்றாள். பாழாய்ப்போன ஆல்பம், வராமலே இருந்திருக்கலாம்.

அங்கிருந்தே பாடகனைக் கூப்பிட்டேன். "நான் என் பாட்டுலயே இருந்துட்டேன்டா, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. லீட் வாசிச்சவனும் இதேதான் சொல்றான். அவன் வாசிச்சத நீ பாடிக் காட்டு, வேற ஆள வெச்சி சேத்துடலாம்" என்றான். முயன்றேன். எனக்கு என்றைக்குச் சுருதி நின்றது? எல்லாம் ஒரே 'டும்' ஆக வந்தது. நீ மேலே ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் உள்ளே இருக்கின்றன, தொண்டைக்கு வரமாட்டேன் என்கின்றன. ஃபோனை வைத்துவிட்டேன். இப்போது அது இருப்பது என்னிடம் மட்டும்தான். நான் போனால் அதுவும் போய்விடும்.

படியில் உட்கார்ந்து முதல் பாட்டை ஓடவிட்டேன். என் வலது கால் தானாகத் தட்டத் தொடங்கியது, நீ எங்கெல்லாம் விரல் வைப்பாயோ அங்கெல்லாம். மேடையில் பெரிய டிரம்மை மிதிக்கிற அந்தக் காலும் உன் விரலும் ஒன்றாகத்தான் விழும். உன் மகள் பக்கத்தில் வந்து குந்தி அந்தக் காலையே பார்த்தாள். இதுதான் உங்கப்பா வாசித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.