நகராத சீட்

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் உன் மாமனாரும் நலம். அவருக்குச் சர்க்கரை அடங்கிவிட்டது, வாய்தான் அடங்கவில்லை. நீயும் பேத்தி வாலுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மருமகள் என்று எழுதிவிட்டு, இனி அப்படி எழுதலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட்டு எழுத வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் இருக்கட்டும்.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாலுவின் ஆடுகிற பல்லைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். நல்லவேளை, அந்தப் பல்லாவது இருந்தது.

முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். என் பிள்ளை போய் மூன்று வருஷம்தானே ஆகிறது, அதற்குள் என்ன என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து, கிழிந்த ஜிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மூன்று வருஷம் ஆகிவிட்டதே, இந்தப் பெண் ஒற்றை ஆளாக எப்படிச் சமாளித்தாள் என்றும் தோன்றியது. இரண்டும் என் மனசுதான். இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் எனக்கும் எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரருக்கும் கல்யாணம், நீங்கள் இரண்டு பேரும் வந்தால்தான் எனக்கு நிம்மதி, வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கடைசி வரி பொய் என்று எனக்குத் தெரியாதா?

நான் மறுநாளே பதில் போட்டிருப்பேன். உன் மாமனார்தான் பிடி கொடுக்கவில்லை. எப்போது கேட்டாலும், வண்டி இருக்கிற நிலைமையில எங்க போறது என்பார். ரயில் என்று ஒன்று இருக்கிறதே என்றால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

வண்டி சரியில்லை என்பதும் உண்மைதான். ஒரு மாதமாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. கியர் மாற்றினால் கரகரவென்று சத்தம். போன வாரம் மார்க்கெட் மேட்டில் சிக்னலுக்கு நின்று கிளம்பும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, உள்ளே ஒரே கருகல் வாடை. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஏன் பெரிசு, ஓட்டத் தெரியலேன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷரைப் பார்த்து! வேறு நாளாக இருந்தால் இவர் இறங்கி ஒரு பிடி பிடித்திருப்பார். அன்றைக்கு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

நாலு பேர் தள்ளி, மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றி, கிளட்ச் பிளேட்டைக் கொண்டுவந்து காட்டினார். தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அதன் பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவர் இவரைவிட உயரம். அவருக்கே கால் எட்டவில்லை. சீட்டு இவ்வளவு பின்னால கிடந்தா கிளட்ச் எப்படி முழுசா அமுங்கும், இந்த வண்டிய யாருங்க ஓட்டுறது என்று கேட்டார். இவர் அந்தப் பிளேட்டை வாங்கித் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உனக்குப் புரிந்திருக்கும். என் பிள்ளையின் உயரம் உனக்குத் தெரியாததா? என் வீட்டு வாகு. அவனுக்கு முழுநீளத் துணி எடுத்தாலும் பேண்ட்டின் அடியில் மடித்துத் தைக்க ஒரு விரல் துணி மிஞ்சாது. உன் மாமனாரோ என் தோளுக்குத்தான் வருவார். முதுகுவலியோடு அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவன் தானே ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினான். பன்னிரண்டு நாள் கழித்து வண்டியை மட்டும் இவர் எடுத்து வந்தார். அவன் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே சீட்டு இருந்தது. அதை இவர் தொடவே இல்லை.

பஸ் ஓட்டிய காலத்தில், வேறு டிரைவர் ஓட்டிய வண்டி கைக்கு வந்தால் இவர் செய்கிற முதல் வேலை சீட்டைத் தனக்கேற்ப நகர்த்துவதுதான். அது சரியாக இல்லாமல் சாவியையே போட மாட்டார். அப்படிப்பட்டவர் மூன்று வருஷம் நுனிக்காலால் கிளட்சைத் தொட்டுத் தொட்டு ஓட்டியிருக்கிறார். தெரியாமல் செய்த தப்பு இல்லை.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள நாலு விரல் கனத்தில் மெத்தை தைத்துக் கொடுத்ததே நான்தான். அது போதவில்லை என்று இன்னொன்றும் தைத்தேன். சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்களேன் என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை.

புது பிளேட் போட்டு முந்தாநாள் வண்டி தயாரானது. சீட்டை நகர்த்தாமல் சாவியைத் தர மாட்டேன், அப்புறம் மறுபடியும் இங்கதான் வந்து நிப்பீங்க என்று மெக்கானிக் கறாராகச் சொல்லிவிட்டார். இவர் குனிந்து லீவரை இழுத்தார். வரவில்லை. மூன்று வருஷத்துத் துரு. மெக்கானிக் எண்ணெய் விட்டார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து முழங்காலால் முட்டித் தள்ளினேன், இவர் லீவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்தார். திடீரென்று விட்டுக்கொடுத்து, டக் டக்கென்று நாலு பல் முன்னால் போய் நின்றது. அவர் கால் கிளட்சை முழுசாக அமுக்கியது. அப்படியே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நானும் பின்னால் உட்கார்ந்து அழுதேன். மெக்கானிக் என்ன நினைத்தாரோ, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

சீட்டு இருந்த இடத்துக்குக் கீழே, வாலு கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சாக்ஸ் ஒன்று கிடந்தது. என் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருக்கும். துவைத்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில், நான் கேட்காமலேயே, புதன்கிழமை விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினாத்தான் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேர முடியும் என்றார். நான் சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தன் வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து, காலர் பிரிந்திருக்கிறது என்று என் மெஷின் மேல் போட்டார்.

ஆகவே நாங்கள் வருகிறோம். வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம், நீ காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் எங்களைப் பார்த்துப் பயப்படப் போகிறார் என்று எழுதியிருந்தாய். இங்கே உன் மாமனார்தான் பயந்துகொண்டிருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு மனுஷன் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடுமாம். உள்ளே என்ன பெரிதாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். வாலுவுக்குப் புதிதாகத் தாத்தா பாட்டி வருவார்கள். அவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். நாங்கள் ஒன்பது மணி நேரத் தொலைவில் இருக்கிறோம். நீ அத்தை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டால், அவளும் பாட்டியை மெல்ல மறந்துவிடுவாள். அதை மட்டும் செய்யாதே அம்மா. மற்றபடி உன் வாழ்க்கை, உன் விருப்பம்.

இன்னொரு விஷயம். நாங்கள் திரும்பி ரயிலில்தான் வருவோம். வண்டி உன்னிடமே இருக்கட்டும் என்று உன் மாமனார் சொல்லிவிட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட உதவும். அது அவன் உனக்காக வாங்கியதுதானே, இத்தனை நாள் நாங்கள் வைத்திருந்ததே அதிகம். அந்த இரண்டு மெத்தைகளையும் பிரித்து வாலுவுக்கு ஒரு தலையணை தைத்திருக்கிறேன். இனி வண்டியில் அவற்றுக்கு வேலை இல்லை.

எக்ஸ்ரேக்காரர் என்ன உயரம் என்று நீ எழுதவில்லை. லீவர் சீட்டுக்கு அடியில் இடது பக்கம் இருக்கிறது, எண்ணெய் விட்டிருப்பதால் லேசாக வரும். தன் காலுக்கு எட்டுகிறபடி நகர்த்திக்கொள்ளச் சொல். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றாலும் தயங்க வேண்டாம் என்று சொல்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் அத்தை