பாதிக் கையெழுத்து

மஞ்சக்குப்பம், கடலூர்
8.7.2024

மதிப்பிற்குரிய அமராவதி அம்மாவுக்கு,

வணக்கம். பள்ளி நாளிலிருந்து புகழ்பெற்றவர்களின் கையெழுத்துகளைச் சேர்த்து வருகிறேன். நம் பக்கத்தில் நடந்த உங்கள் வயலின் கச்சேரி எதையும் தவறவிட்டதில்லை. இத்துடன் இரண்டு வெற்று அட்டைகளும், தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுகிறேன்.

பணிவுடன்,
மரிய அருள்


சிதம்பரம்
15.7.2024

தம்பி மரிய அருளுக்கு ஆசிகள்.

தபால்தலையோடு கேட்டிருக்கிறீர்கள். பல சபாக்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் அட்டை ஏன் இரண்டு? ஒன்று வைத்துக்கொள்ள, மற்றது மாற்றிக்கொள்ள என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு கிரிக்கெட்காரரின் கையெழுத்துக்கு எத்தனை அமராவதி கொடுக்க வேண்டும்? அது தெரியாமல் பேனாவைத் தொடுவதாக இல்லை. இதைக்கூட நான் சொல்ல என் மாணவிதான் எழுதுகிறாள். கீழே இருப்பதும் அவள் கையெழுத்து. ஏமாற வேண்டாம்.

அம்மாவுக்காக,
ஸ்ரீமதி


மஞ்சக்குப்பம்
22.7.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்து, வெகுநாளுக்குப் பிறகு சிரித்தேன். இரண்டாவது அட்டை மாற்றிக்கொள்ள அல்ல, என் மனைவி ஜெனிபருக்கு. கோவில் பாடற்குழுவில் வயலின் வாசித்தவள். போன வருடம் எங்கள் மகள் சுவேதா ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து ஜெனிபர் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. என்னோடும் பேச்சு குறைந்துவிட்டது. உங்கள் வாசிப்பு என்றால் அவளுக்கு உயிர். உங்கள் கையெழுத்தைப் பார்த்தாவது திறப்பாளோ என்று ஒரு நப்பாசை.

மரிய அருள்


சிதம்பரம்
27.7.2024

அன்புத் தம்பி,

கேலி செய்ததை மன்னியுங்கள். இதை நானே எழுதுகிறேன். உங்கள் அட்டையில் முழுப் பெயர் இருக்கிறது. ஜெனிபரின் அட்டையில் 'அமரா' மட்டும். மீதியை அவள் வயலினோடு வந்து, வாசித்து வாங்கிக்கொள்ளட்டும்.

அமராவதி


மஞ்சக்குப்பம்
5.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு ஜெனிபர் எழுதுவது.

அட்டையைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் விளையாட்டா என்று நினைத்தேன். அதைக் கண்ணில் படாமல் வைக்கத்தான் அவருடைய கையெழுத்து ஆல்பத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 'சுவே' என்று இருந்தது. காய்ச்சல் வந்த அன்று, "எங்கிட்டயும் வாங்கிக்கப்பா" என்று எழுத உட்கார்ந்தாளாம். "மிச்சத்த நாளைக்கு எழுதுறேம்ப்பா" என்று படுத்துவிட்டாளாம். நான் தாங்கமாட்டேன் என்று அவர் இத்தனை நாள் காட்டவே இல்லை. ஆல்பத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதோம்.

உங்கள் அட்டையை அவள் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மீதியை எழுத வேண்டாம் அம்மா. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

வயலினுக்குப் புதுத் தந்தி போட்டாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறோம்.

உங்கள் மகள்,
ஆரோக்கிய ஜெனிபர்