பதினோராவது பெயருக்கு விட்ட இடம்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது முழுசாகப் படித்தால் புரியும். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன வந்தது என்று பதறாதே. போனில் பேசினால் நடுவில் கிளிக் என்று ஒரு சத்தம் வருகிறது, அது வந்ததும் அப்பா எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார். எங்கள் ஆஸ்பத்திரி நாலாம் வார்டு சிஸ்டர் நாளைக்கு விமானம் ஏறுகிறாள், அவள் அக்கா உன் ஊரில்தான் இருக்கிறாளாம், நேரிலேயே உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவள், மூணு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி படித்த பள்ளிக்கூடத்து வாசலில் கல் திறக்கிறார்கள். நம் வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளைகள் பதினோரு பேர், எல்லார் பேரும் அதில். அன்றைக்கு எல்லார் முன்னாலும், கேமரா முன்னாலும், நான் ஒரு காகிதத்தை வாசிக்கணுமாம். காகிதத்தைக் கொண்டுவந்தவர் தெருக் குழுத் தலைவர், யாரோ எவரோ இல்லை, நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான். ஏழு வயசில் உனக்கு முதல் கண்ணாடியை மாட்டிவிட்டு, இப்ப உங்கம்மா எவ்வளவு அழகுன்னு தெரியுதா என்று கேட்டாரே, அதே மனுஷன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், அக்கா அக்கா என்றுதான் பேசினார். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. காகிதத்தில் நாலே வரி. நாட்டைத் தூற்றி எழுதிய பெண்ணுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எனக்கு ஒரே பிள்ளை, அவனையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று இருக்கிறது. வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதையெல்லாம் எதுக்கு யோசிக்கிறீங்க அக்கா என்று டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். பத்துப் பேர் பேரையும் ஒரே பலகையாக வெட்டிச் சுவரில் பதித்தாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் இடம், நாலு மூலையிலும் துளை. தம்பி பேரை மட்டும் தனிக் கல்லில் வெட்டிச் சாக்கில் சுற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கல் வெட்டுகிறவர் என் முகத்தைப் பார்க்காமல் உளியைத் துடைத்துக்கொண்டே, எனக்குச் சொன்னதை நான் செஞ்சேம்மா, மாட்டுறதுக்கும் தோதா இருக்கணும் கழட்டுறதுக்கும் தோதா இருக்கணும்னாங்க என்றார். சாக்கை விலக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன், யாராவது பார்த்தா வம்பும்மா என்றார். சாக்கின் மேலேயே தடவிப் பார்த்துவிட்டு வந்தேன், எழுத்து கைக்குத் தட்டுப்படவில்லை.

எல்லாம் அந்தக் கொடியிலிருந்து ஆரம்பித்தது. ஊர் ஒரு விதமாகச் சொல்கிறது, நீ ஒரு விதமாக எழுதினாய், நடந்ததை என் வாயால் நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. தம்பியைக் கொண்டுவந்த அன்றைக்கு விடாத மழை. பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியை நனைந்தது நனைந்தபடியே முக்கோணமாக மடித்து என் கையில் கொடுத்தார்கள், தூக்கி வந்த பிள்ளைகளின் கைச்சேறும் பூட்ஸ் சேறும் ஓரமெல்லாம் அப்பியிருந்தது. அதை அப்படியே அலமாரியில் வைத்தேன். மூணாவது வாரம் அலமாரியைத் திறந்தால் முடை நாற்றம், மடிப்புக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. இருபத்தெட்டு வருஷமாக ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவள், என் பிள்ளை மேல் கிடந்த துணியை நாற விடுவேனா. கறை எதுவானாலும் முதலில் பச்சைத்தண்ணி, வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே குடியேறிவிடும். சாயம் இறங்காமல் இருக்க ஒரு கைப்பிடி உப்புப் போட்டு ஊறவைத்து, அடிக்காமல் கசக்காமல் அலசி, வெயில் படாத பக்கமாக மொட்டை மாடியில் உலர்த்தினேன். கழுத்தளவு துக்கத்தில் ஒரு வேலையையாவது சரியாகச் செய்தோம் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன். அந்தக் கொடியைத் துவைக்கக் கூடாது, கயிற்றில் போடக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும். அதே கயிற்றில் நாலு தலையணை உறையும் அப்பாவின் ரெண்டு பனியனும் கிடந்தன. எதிர் மாடி வீட்டு இன்சூரன்ஸ்காரர் ஜன்னல் வழியாகப் படம் எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்.

அதற்கப்புறம் மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான். கொடிக்காரர்கள் வந்து, உள்ளாடையோடு கொடியைத் தொங்கவிட்டவள் என்று வாசலில் நின்று கத்தினார்கள். அவர்கள் போன மூணாம் நாள் போர் வேண்டாம் என்கிற மற்றவர்கள் வந்தார்கள், நான் அவர்களுக்குத் திருத்தல்காரர்கள் என்று பேர் வைத்திருக்கிறேன். ஒரு படித்த பெண், உன் வயசுதான் இருக்கும், மைக்கை என் வாய்கிட்டே வைத்துக்கொண்டு, போரை எதிர்த்துத்தானே துவைச்சீங்க, அப்படியே சொல்லுங்கம்மா என்றாள். பூஞ்சை பிடிச்சுது, துவைச்சேன் என்றேன். நான் துணி வெளுக்கிறவள் என்று சொன்னால் அப்படிச் சொல்லக் கூடாதாம், துணிப் பராமரிப்புப் பணியாளர் என்று சொல்லணுமாம், அதில்தான் மரியாதையாம். பேரை மாத்தினா சலவைச் சோடா கையை அரிக்காம விடுமா கண்ணு என்று கேட்டேன், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேச்சுவாக்கில், ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிறவனுங்க நாசமாப் போகட்டும், என் பிள்ளையை முழுங்கிட்டானுங்க என்றேன். வயிறு எரிகிறவள் வாயில் வேறு என்ன வரும். அவள் முகம் அப்படியே மாறிவிட்டது, மைக்கை அணைத்துப் பைக்குள் போட்டாள், அதோடு சரி, அந்தப் பக்கத்துக்காரர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொடிக்காரர்கள் செத்துப்போனான் என்று சொல்லாதே, உயிர் ஈந்தான் என்று சொல் என்கிறார்கள். திருத்தல்காரர்கள் உயிர் ஈந்தான் என்று சொல்லாதே, கொல்லப்பட்டான் என்று சொல் என்கிறார்கள். நான் பெற்ற பிள்ளை போனதைச் சொல்ல எனக்கென்று ஒரு வார்த்தையைக்கூட ரெண்டு பேரும் மிச்சம் வைக்கவில்லை.

நீயும்தான். கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். ஊர் மெல்ல மறந்து வந்த நேரத்தில், போன மாசம், அந்தப் படத்தைப் போட்டு, பாலம் சரியில்லை என்று தெரிந்தும் லாரியை ஓட்டச் சொல்லித்தான் என் தம்பியைச் சாகவிட்டார்கள், உயிர் ஈந்தான் என்கிற அந்தப் பொய்யைத்தான் என் அம்மா துவைத்துக் காயப்போட்டாள் என்று எழுதினாய். பாலத்தைப் பற்றி நீ எழுதியது நிஜமாக இருக்கலாம், தம்பியின் கூட்டாளி ஒருத்தன் எனக்கும் அதையேதான் சொல்லி அழுதான். ஆனால் கண்ணு, நான் பொய்யைத் துவைக்கவில்லை, சேற்றைத் துவைத்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கே லட்சம் பேர் அதைப் படித்துக் கை தட்டினார்களாம், சிஸ்டர் காட்டினாள். இங்கே கை தட்டினவர் யாரும் இல்லை.

அதற்கு மறுநாளிலிருந்து தினமும் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு ஈரத்துணி, முக்கோணமாக மடித்து வைத்திருக்கிறது. தெருக்காரர்கள் வேலைதான் என்று முதலில் நினைத்தேன். மூணாவது நாள் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் நீல முத்திரை, எங்கள் ஆஸ்பத்திரித் தலையணை உறை. என் கையாலேயே வெளுத்து அடுக்கினது. அப்படியென்றால் கொண்டுவந்து வைப்பது என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற யாரோ. யார் என்று நான் தேடவில்லை, தெரிந்துவிட்டால் அப்புறம் அந்த முகத்தோடு எட்டு மணி நேரம் எப்படி நிற்பது. துணியைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துப் போகிறேன், மற்றதோடு போட்டு வெளுத்து அடுக்கி வைக்கிறேன். இதுவரை இருபத்தாறு. சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடுகிறது. சூப்பர்வைசர் என்னைத் தொற்றுநோய் வார்டுத் துணிக்கு மாற்றிவிட்டார், மேலிடம் என்று விரலை மேலே காட்டினார், மேலே மின்விசிறிதான் இருந்தது.

அப்பாவைப் பற்றிக் கேட்பாய். தம்பி சாமானோடு வந்த பட்டாள வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டேதான் இருக்கிறார், சட்டை இல்லாத நேரத்தில் பனியனில். உன் பேரை அவர் சொல்லி ஒரு மாசம் ஆகிறது. முந்தாநாள் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, வாசிச்சிடு என்றார். "அவ எங்கேயோ ஒரு இடத்துல உசுரோட இருப்பா. அவனுக்கு அந்தக் கல்லை விட்டா வேற ஒண்ணும் இல்லடி" என்றார். சொல்லிவிட்டுக் குழாயை மூடினார், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அவரைத் தப்பாக நினைக்காதே. அவர் கொடிக்காரரும் இல்லை ஒன்றும் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

அவர் சொன்னதை ரெண்டு நாள் மனசில் போட்டு உருட்டினேன். ஒத்துக்கொள்கிறேன், வாசித்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நாலு வரிதானே, வாய்தானே சொல்கிறது மனசா சொல்கிறது, உனக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டால் நீ புரிந்துகொள்வாய் என்று. இந்தக் கடிதத்தையே முதலில் அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், கிழித்த மூணு தாளும் அதுதான். வாசித்துப் பழகலாம் என்று அந்தக் காகிதத்தை எடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் நான், ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். எனக்கு ஒரே பிள்ளை என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு நகரவில்லை. உன்னைச் சுமந்தபோது ஏழாம் மாசம் வரைக்கும் ஆஸ்பத்திரிச் சலவை மெஷின் முன்னால் நின்றவள், அந்த வரி எனக்கு வராது கண்ணு. வந்தாலும் என்ன. கழட்டுவதற்குத் தோதாகத்தானே அந்தக் கல்லைச் செய்திருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை விட்டுக்கொடுத்தால் அடுத்த மாசம் வேறொன்று கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் திருகாணியில் கை வைத்துக்கொண்டே கேட்பார்கள்.

அதனால் போகப் போகிறேன், அப்பாவைத் தனியாக நிற்க விட முடியாது. அந்தக் காகிதத்தை மடித்தபடியே வைத்துக்கொண்டு, எனக்கு ரெண்டு பிள்ளை, சின்னவன் செத்துப்போனான், பெரியவள் தூரத்தில் இருக்கிறாள் என்று என் வார்த்தையில் சொல்லப் போகிறேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துவார், நானும் நின்றுவிடுவேன்.

நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன், கவனமாகப் படி. நான் சொல்லப் போவது உனக்குப் படமாக வந்தால் அதை எடுத்து எங்கேயும் போடாதே, என் அம்மாவின் வீரம் அது இது என்று எழுதாதே, பெற்ற பிள்ளைகளை எண்ணிச் சொல்வதில் வீரம் எங்கே இருக்கிறது. தம்பிக்கு வருஷம் திரும்பும்போது வருகிறேன் என்றாயே, வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். விமான நிலையத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம், வெளியூரிலிருந்து எழுதுகிறவர்களைத் தனி அறைக்குக் கூப்பிடுகிறார்களாம், போன வாரம் ரேடியாலஜி டாக்டரின் மகன் அந்த அறைக்குப் போனான், டாக்டர் இன்னும் வெளியில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நான் போன் எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்காதே. பத்து நாளில் சிஸ்டர் இங்கே வந்துவிடுவாள், அவள் தகவல் சொல்வாள். அப்பாவுக்கு மட்டும் மாசம் ஒரு தடவை ஒரு வெள்ளைத் தாளாவது உறையில் போட்டு அனுப்பு, எழுத்து வேண்டாம், உன் கையால் ஒட்டினது என்று தெரிந்தால் போதும், அவர் பிரித்துப் பார்க்காத மாதிரி பிரித்துப் பார்ப்பார்.

கடைவாய்ப்பல்லை இந்த வாரமே காட்டிவிடு, தள்ளிப்போட்டால் காது வரை ஏறும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. யாராவது உன்னிடம் உங்கம்மா எப்படி என்று கேட்டால், நன்றாக வெளுப்பாள் என்று சொல்லு, வேறு பட்டம் எதுவும் கொடுக்காதே. நீ நூறு வயசுக்குக் குறையாமல், யாருக்கும் தலை குனியாமல், நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும். படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் ரெண்டு பேருக்கும் அம்மா.