விளக்கை அணைக்க வந்தவர்

கலங்கரை விளக்கம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கத்துக்கு,

நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாயிற்று. அத்தைக்கு ஜுரம் விட்டதா?

நேற்று உன் அண்ணன் வந்தார். நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து டீ போட்டேன். "வெள்ளிக்கிழமை ராத்திரி கப்பல் ஒண்ணு வருது மாப்பிள்ளை. விளக்கை ஏத்தாதீங்க. பாறையில மோதட்டும், சரக்கை நாங்க அள்ளிக்கறோம்" என்றார்.

"அதுல ஆளுங்க இருக்காங்களே, மச்சான்?"

"நீங்களா தள்ளிவிடப் போறீங்க? கடல் பாத்துக்கும்."

முடியாது என்றேன். டம்ளரை என் முகத்தில் வீசி அடித்துவிட்டுப் போனார். நெற்றியில் தையல். பயப்படாதே. அங்கே வாயைத் திறக்காதே.

உன் புருஷன்

ஆகஸ்ட் 6

என் அன்பானவருக்கு,

வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியுமா? சோறு போடும்போதே கேட்டுவிட்டேன். அண்ணன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு பல் போய்விட்டது. இனி நான் சண்டை போட்டால் காற்றுதான் வரும், உங்களுக்கு நிம்மதி.

இரும்புத் தடியோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். கதவைத் தாழ்போடுங்கள். அவன் கெட்டவன்தான். ஆனால் அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவன். அடித்து விரட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

உங்கள் தங்கம்

ஆகஸ்ட் 9

தங்கம்,

செய்தி வந்திருக்கும். நானும் சொல்ல வேண்டும்.

மழை கொட்டியது. கதவை உடைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். முதல் அடியில் விளக்கறைக் கண்ணாடி நொறுங்கியது, அடுத்த அடி என் தோளில். கப்பல் நேராகப் பாறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் தெரிந்தால்தான் ஆழத்துப் பக்கம் திரும்பும். மச்சான் விளக்கின்மேல் தடியை ஓங்கினார். கெஞ்சினேன். கேட்கவில்லை. முட்டித் தள்ளினேன். உடைந்த கண்ணாடிச் சட்டத்தின் வழியே வெளியே விழுந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, கையைக் குடுங்க" என்றார்.

அந்த நேரம் காற்றில் விளக்கு அணைந்தது. நான் விளக்கை ஏற்றப் போனேன். திரும்பி வந்தபோது கம்பியில் யாருமில்லை.

கப்பல் தப்பிவிட்டது.

உன் புருஷன்

ஆகஸ்ட் 15

உங்களுக்கு,

அண்ணனை நான்தான் குளிப்பாட்டினேன். முகம் என்று எதுவும் இல்லை. விரல்களைப் பார்த்து அடையாளம் சொன்னேன். அவன் எதற்கு வந்தான், யாரோடு வந்தான் என்று போலீசில் சொல்லிவிட்டேன். உங்கள்மேல் குற்றம் வராது.

அந்தக் கப்பலில் வந்த ஒருத்தி கைக்குழந்தையோடு எங்கள் தெரு வழியாகத்தான் போனாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்தது சரி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அவன் உங்கள் கையைக் கேட்டதை எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். அந்தக் கைக்கு நான் இனி எப்படிச் சோறு பரிமாறுவேன்?

நான் வரவில்லை. தோளில் போட்ட கட்டு மாற்ற யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போடாதீர்கள், நிற்காது.

அவன் தங்கை