அனுமதிக்கு முன் மூன்று கேள்விகள்

ஒஸ்லோ
24 செப்டம்பர் 1998

அன்புள்ள குன்வோருக்கு,

இங்கு நான் நலம். அங்கே நீயும், உன் கையால் மாத்திரை வாங்கி விழுங்கும் அந்தப் பதினேழு ஆண்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வடகடலில் தனியே கிடக்கும் யான் மாயன் தீவுக்கே ஒரே நர்ஸ், அவள் என் மனைவி என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது. அதற்குப் பெயர் சொன்னால் நீ சிரிப்பாய்.

செப்டம்பர் கடைசி வியாழன், இன்று ஊரே செய்கிறதே என்று நானும் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகவைத்தேன். கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு வைத்துவிட்டது. மூன்று நாளைக்கு அதையேதான் சாப்பிடப் போகிறேன். நவம்பர் விமானத்தில் நீ வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வசந்தம் வரை இருக்கச் சொல்லி உங்கள் வானிலை நிலையத் தலைவர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய், ஆனால் நீ என்ன முடிவு செய்தாய் என்று எழுதவில்லை. கடிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். ஓரத்திலும் இல்லை.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். கோடை முழுவதும் நீ உணவறைப் போனில் பேசியது எனக்கு மனப்பாடம். "காத்து பலமா இருக்கு. காலையில கஞ்சி. உனக்கு உடம்பு எப்படி? சரி, பின்னாடி ஆள் நிக்குது, வைக்கிறேன்." இவ்வளவுதான். அரசுக் கம்பெனியின் ஒற்றை இணைப்பு, காப்பி மிஷின் பக்கத்தில். நானும் குறை சொல்லவில்லை. ஆகஸ்டில் ஸ்டெய்னர் வந்து இறங்கினான். சந்தை திறந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் செயற்கைக்கோள் போன் விற்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது அல்லவா? பழைய வேலையை உதறிவிட்டுப் புதுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். செங்கல் மாதிரி ஒரு கைபேசியைத் தூக்கிக்கொண்டு உங்களுக்குச் செய்து காட்ட வந்தான். ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டியவன். மூடுபனி இறங்கியதாம், விமானம் கிளம்பவில்லையாம், மூன்று நாள் தங்கினானாம். நம் கல்யாணத்துக்கு முன்னால், பூடோ ஊரில் ஒரு கோடை முழுவதும் உன் விரலில் மோதிரம் மாட்டி வைத்திருந்தவனுக்கு என்றே அந்தப் பனி இறங்கியிருக்கிறது!

போகும்போது சோதனைக்கு என்று கைபேசியை உன்னிடமே விட்டுவிட்டுப் போனான். அதற்குத் திறந்த வானம் வேண்டும், அதனால் நீ வெளியே எரிமலைக் கல்மேல் நின்று பேசுகிறாய். அன்றைக்கு என்ன சொன்னாய்? "உன் குறட்டைச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரலைப்பா." பன்னிரண்டு வருஷமாக என் குறட்டைக்குக் காதில் பஞ்சு வைத்தவள் நீ! போன வாரம், "உன் தோள்ல சாஞ்சுக்கணும் போல இருக்கு" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியெல்லாம் பேச எங்கே கற்றுக்கொண்டாய்? மனசு குறுகுறுக்கிறவர்கள்தான் திடீரென்று தேனொழுகப் பேசுவார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை, சும்மாதான் சொல்கிறேன்.

தற்செயலாக, அந்தக் கம்பெனியின் நிரந்தர அனுமதிக் கோப்பு எங்கள் தொலைத்தொடர்பு அனுமதி அலுவலகத்தில் என் மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. எங்கள் அலுவலக வழக்கம் உனக்குத் தெரியும். நாங்கள் ஒரு கேள்வி அனுப்பினால், பதில் வரும்வரை காலக்கெடு நின்றுவிடும். இரண்டு கேள்வி அனுப்பிவிட்டேன். அந்த அலைவரிசை விண்மீன் ஆராய்ச்சி வானொலிகளுக்கு இடைஞ்சல் செய்யாதா? தீவிலிருந்து அவசர எண்ணை அழைத்தால் எந்த ஊர்ப் போலீஸ்காரர் எடுப்பார்? இரண்டும் நல்ல கேள்விகள், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாவதை நாளை அனுப்புகிறேன். கைபேசியின் எடையைப் பற்றி. கடமை என்று ஒன்று இருக்கிறதே.

குளிரில் வெளியே ரொம்ப நேரம் நிற்காதே.

அன்புடன்
ஹால்வார்


ஒஸ்லோ
22 அக்டோபர் 1998

அன்புள்ள குன்வோருக்கு,

உன் கம்பளிக் காலுறைகளை இந்த விமானத்தில் அனுப்பியிருக்கிறேன். கூடவே பழுப்புப் பாலாடைக்கட்டி இரண்டு. அதைப் பல்வலி என்று உன்னிடம் வருகிற அந்த வானிலைக்காரப் பையனுக்கு வெட்டிக் கொடுக்காதே. அவன் பல்வலி இரண்டு மாதமாக ஆறாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சோதனை அனுமதி பதினைந்தாம் தேதியோடு முடிந்துவிட்டது. நிரந்தர அனுமதி இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. ஆகவே கைபேசி ஊமையாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வருத்தமான விஷயம்தான். அன்று மாலை வேலையிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் சீட்டியடித்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? ஸ்டெய்னரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த மீசை கீழே தொங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பழையபடி உணவறைப் போனில் பேசினாய். காற்று, கஞ்சி, உடம்பு. எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. வானொலியைப் போட்டேன், அணைத்தேன். ஜன்னல் துடைத்தேன்.

அலுவலகத்தில் ஒரு சின்னத் தலைவலி. வடகோடி மீன்பிடி ஊரான போட்ஸ்ஃபியோரிலிருந்து ஒரு மீனவன் போன் செய்து கத்தினான். அவன் படகிலும் சோதனைக் கைபேசிதானாம். அவன் மனைவி நிறைமாதம். "நான் கடல்ல கிடக்குறவன். வலி எடுத்தா அவ எனக்கு எப்படிச் சொல்லுவா? புறா விட்டா? பத்து வருஷமா அரசுக் கம்பெனிக்காரன் விலை சொல்லியே எங்களை ஊமையாக்கினான். இப்பதான் வாய் திறந்தோம், அதுக்குள்ள நீங்க வந்து பொத்துறீங்களே! கைபேசி எவ்வளவு கனம்னு கேட்டு எழுதினது எந்த மகராசன்?" என்றான். மகராசன் நான்தான் என்று சொல்லவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்றேன்.

பக்கத்து மேஜை பெர்ல்யோட்டுக்கு எப்போதும் மூக்கில் வியர்த்துவிடும். என் மூன்றாவது கேள்வியை வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "ஹால்வார், தீவுல இருக்கிற உன் வீட்டுக்காரியும் இதே போன்லதானே பேசினா? அதை நம்ம தலைவர்கிட்ட சொல்லியிருக்கியா?" என்று கேட்டாள். சொந்தம் பந்தம் இருந்தால் கோப்பைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. மனைவிக்குச் சாதகமாக நான் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். "அதுதான் எனக்கும் புரியலை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

நவம்பர் பற்றி நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறாய். பக்கத்தில் யார் நின்றார்கள், அப்படிப் பார்க்கலாம் என்று சொல்ல?

ஹால்வார்


ஒஸ்லோ
12 நவம்பர் 1998

என் குன்வோர்,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். விமானத் தபால் மூன்று மணிக்கு மூடுகிறது. அடுத்த விமானத்தில் நீ ஏறப் போகிறாயா, இல்லை வசந்தம்வரை இருக்கிறேன் என்று நிலையத் தலைவரிடம் சொல்லிவிடப் போகிறாயா, அது உன் கையில் இருக்கிறது. அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நீ அலுவலகத்துக்கு அழைத்தாய். ஒருநாளும் வேலை நேரத்தில் அழைக்காதவள். பின்னால் கோப்பைகள் மோதும் சத்தமும், ஆண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஹால்வார், இங்க பதினேழு பேரு காப்பி குடிச்சிட்டிருக்காங்க. கேக்கட்டும். அந்தக் கோப்பு உன் மேஜையிலதான் கிடக்குன்னு ஸ்டெய்னர் எழுதியிருந்தான். நீ என்ன நினைச்சேன்னு எனக்குத் தெரியும். அட மடையா, இவங்க முன்னாடி நின்னு உன்கிட்ட நான் என்னத்தைக் கொஞ்சுவேன்? அதனாலதான் காத்துல, கை விறைக்க விறைக்க வெளிய போய் நின்னேன். எனக்கு உன் ஞாபகமாவே இருக்கு. உன் குறட்டை கேக்கணும். உன் தோள் வேணும். இப்ப இங்க எல்லாரும் கேட்டாச்சு. நீ சொல்லு."

அங்கே கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது. இங்கே பெர்ல்யோட் தட்டச்சை நிறுத்திவிட்டாள். மொத்த அறையும் என் வாயைப் பார்த்தது. நான் சொன்னேன்: "இங்க மழை பெய்யுது."

நீ போனை வைத்துவிட்டாய்.

குன்வோர், நான் பொறாமைக்காரன். இதை முதலில் ஸ்டெய்னர் மேல் என்று நினைத்தேன். அவன் மேலும்தான். அவன் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான் என்று நீ சொன்ன அந்த நொடியிலும், அத்தனை பேர் முன்னால் நீ அழுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தபோதும், எத்தனை பக்கம் எழுதினான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பார்த்துக்கொள், இப்படி ஒருவனைத்தான் நீ கட்டியிருக்கிறாய். அந்த வானிலைப் பையன் மேல் பொறாமை. உன்னைத் தினமும் பார்க்கிற அந்தச் சமையல்காரக் கிழவன் மேல் பொறாமை. என்னிடம் அன்பாகப் பேசிய உன் குரல் மேலேயே பொறாமைப்பட்டேன், அது வேறு யாருக்கோ பழகிய குரல் என்று. அது எனக்காகவே வெளியே வந்த குரல் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நாம் இருவரும் எத்தனை முறை அப்படிப் பேசியிருக்கிறோம், சொல்? பழகியிருந்தால் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை காலை எங்கள் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. கோப்பு பெர்ல்யோட்டிடம் போய்விட்டது. எடையைப் பற்றிய கேள்வியை அவள் கிழித்துப் போட்டாள். மற்ற இரண்டுக்கும் கம்பெனி எப்போதோ ஒழுங்காகப் பதில் அனுப்பியிருந்ததாம். நான்தான் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. நேற்று அனுமதி கொடுத்தாயிற்று. போட்ஸ்ஃபியோர்க்காரனுக்கு நானே போன் செய்தேன். படகை விட்டுவிட்டுக் கரையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், பாவம், மீன் பருவம் போயிற்று. எடையைக் கேட்டது நான்தான் என்று சொன்னேன். அவன் சொன்னதை உனக்கு எழுத முடியாது. என்னை இனி பொழுதுபோக்காக வீட்டில் வானொலிக் கருவி வைத்துப் பேசுகிறவர்களின் உரிமங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். பரவாயில்லை.

திங்கட்கிழமை முதல் உன் கைபேசி பேசும். வசந்தம்வரை இருப்பது என்று முடிவு செய்திருந்தாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன். மூன்று கேட்டதே போதும். ஆனால் ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்டெய்னருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் சொல், ஆனால் எனக்கு முதலில் அழைத்துவிட்டுச் சொல். வீட்டுக்கு அழைக்காதே. அலுவலகத்தில் பதினொன்றரைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மேஜையில் ரொட்டி சாப்பிடுவோம், தலைவர், பெர்ல்யோட், கீழ்த்தள ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அழை. போனின் ஒலிபெருக்கியைப் போட்டு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், கேட்டுக்கொண்டிரு. நான் சொல்ல வேண்டியதை அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உனக்குச் சொல்கிறேன்.

காதை நன்றாக மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன்
ஹால்வார்