பாலத்தில் விழுந்த நிழல்

முதுவேனில் 38

சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கேட்டு அனுப்பினால் கோட்டைச் சுவருக்கே போதவில்லை என்கிறார்கள். பிணம் கழுவும் கொட்டகைக்கு யார் கொடுக்கப்போகிறார்கள்? வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். நாற்றம் போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் தம்பி மனைவி வாசலிலேயே வாளியை நீட்டுகிறாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, குளிச்சிட்டு வாங்க." பகலெல்லாம் படைவீரர்களின் செருப்புக்குத் தோல் தைப்பவள் அவள். உன் விரல் மட்டும் மணக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள். தம்பி சண்டையில் காணாமல்போன இந்த இரண்டு வருடத்தில் அவள் சிரிப்பதே அபூர்வம்.

முதுவேனில் 40

பாலத்துக்குப் போய் வந்தேன்.

நான் பிறக்கும் முன்பே தொடங்கிய இந்தச் சண்டையில், நம் ராணியும் அக்கரை ராஜாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் பிணம்தான். அந்நிய மண்ணில் புதைத்தால் அந்த இடத்தில் புல்கூட முளைப்பதில்லை. எத்தனை வயல்கள் பாழான பிறகு புத்தி வந்தது! அதனால் இருபது நாளுக்கு ஒருமுறை நடுப்பாலத்தில் அவரவர் பிணத்தை அவரவர் வாங்கிக்கொள்கிறோம். போர்வை போடக் கூடாது, கயிற்றுக் கட்டிலில்தான் தூக்க வேண்டும், பகலில்தான் மாற்ற வேண்டும். உயிர் போனால் நிழலும் போய்விடும் அல்லவா? வெயிலில் கட்டிலுக்கடியில் கயிற்றின் நிழல் மட்டும் தெரிந்தால் பிணம். ஆள் நிழல் தெரிந்தால் ஒற்றன். அங்கேயே ஈட்டி.

அக்கரையிலிருந்து வருபவருக்கு நான் வைத்த பெயர் மீசை. எப்போதும் ஏதாவது கேலி பேசுவார். "உங்க ஊர்ல சோறு பலமா போடறாங்க போல. ஒவ்வொருத்தனும் என்னா கனம்!" இன்று கேலி இல்லை. கட்டிலைச் சரிசெய்வதுபோல் குனிந்து கேட்டார்: "உங்க தம்பிக்கு இடது காது பிஞ்சிருக்குமா? நாய் கடிச்ச மாதிரி?"

"நாய் இல்லீங்க. வாத்து."

"வாத்துன்னுதான் அவனும் சொல்றான். நான்தான் நம்பல."

உயிரோடு இருக்கிறான்! அக்கரைக் கல்மலையில் கல் உடைத்தவனை இப்போது பிணம் தூக்க விட்டிருக்கிறார்களாம். மீசையின் கீழேதான் வேலை. அவரே சொன்னார்: "என் பொண்ணு உங்க பக்கம் இருக்கா. நல்ல உயரம். வில் பிடிக்கிறவ. எங்கயாவது பார்த்தீங்களா?"

பார்த்தேனா? தினமும் என் எதிரில் நின்று பிணம் கழுவுகிறாள்.

முதுவேனில் 41

தம்பி மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் தெருவுக்கே சொல்லிவிடும்.

முதுவேனில் 43

கொட்டகையில் கைதிப் பெண்கள் மூவர். அவர்களில் ஒருத்தியை நெட்டை என்று கூப்பிடுவோம். வாய் திறக்காதவள். இன்று தனியாக இருந்தபோது, அவள் அப்பா தேடுவதைச் சொன்னேன். கையில் இருந்த செம்பைக் கீழே போட்டாள். பிறகு கேட்டது இதுதான்: "அப்பா இன்னும் குறட்டை விடறாரான்னு கேளுங்க."

முதுவேனில் 60

வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. பாலத்தில் மீசையோடு திட்டம் போட்டாகிவிட்டது: அவர் தம்பியைப் பிணமாக அனுப்புவார், நான் நெட்டையைப் பிணமாக அனுப்புவேன், ஒரே நாளில். மேகம் மூடி நிழல் விழாத நாளாக இருக்க வேண்டும்.

"உங்க தம்பி இருமுறான். சீக்கிரம் மழை வரட்டும்" என்றார் மீசை.

இதையெல்லாம் எழுதுவது தப்பு. எழுதாவிட்டால் வாய் தவறி உளறிவிடுவேன்.

கார் 12

மேகம் வருகிறது, போகிறது. யாரைக் கேட்டுப் போகிறது?

கார் 19

மாலையிலிருந்து மழை. நெட்டைக்குக் காய்ச்சல் என்று காவல் தலைவரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்லுமூஞ்சி. பெற்ற தாயே எதிரில் வந்தாலும் சிரிக்க மாட்டார். "செத்தா நாளைக்கே அனுப்பிடு. இங்க இடமில்ல" என்றார்.

கார் 20

காலையில் வானம் இருண்டுகிடந்தது. நெட்டையின் முகத்திலும் கையிலும் சாம்பல் பூசினேன். "மூச்சை அடக்காதே. சின்னச் சின்னதா விடு" என்றேன். என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கை எவ்வளவு சூடு! பிணங்களையே தொட்டுப் பழகியவளுக்கு அது போதும், அழுகை வர.

நடுப்பாலம். கட்டில்கள் மாறின. மீசை கொண்டுவந்த நான்காவது கட்டிலில் அந்தக் காது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கெட்டிருக்கும்.

எங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். பாதி வழி வந்திருப்போம், மேகம் கிழிந்தது. பாலம் முழுக்க வெயில். முதல் மூன்று கட்டிலுக்கு அடியிலும் வலை விரித்ததுபோல் கயிற்றின் நிழல். நான்காவதின் அடியில் ஓர் ஆள் நிழல்.

பின்னால் தூக்கியவன் பார்த்துவிட்டான். நின்றுவிட்டான். கல்லுமூஞ்சி ஈட்டியோடு வந்தார். கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. என் நிழல் விழுந்ததோ இல்லையோ!

அவர் கட்டிலின் வெயில் பக்கமாக வந்து, ஒட்டி நின்றார். அவர் நிழல் சாய்ந்து அந்த நிழலின் மேல் விழுந்தது. இரண்டும் ஒன்றாயின.

"என்னடா நின்னுட்டே? கால்ல வேர் விட்டுருச்சா? நட."

கரை வரைக்கும் கூடவே நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மீசை தன் மேலங்கியைக் கழற்றி, புழுக்கம் தாங்காதவர்போல் விரித்து உதறிக்கொண்டே ஒரு கட்டிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். யாரும் கத்தவில்லை.

கொட்டகையில் மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கண்ணைத் திறந்தான்.

"அக்கா, தண்ணி."

கார் 22

தம்பியை இரவோடு இரவாக வீட்டு உள்ளறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தம்பி மனைவியிடம் சொன்னேன். முதலில் என்னை அடித்தாள். தோளில், மார்பில், கை வலிக்கும்வரை. "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு? எத்தனை நாளா?" பிறகு உள்ளறைக்கு ஓடினாள். நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கார் 23

இறந்தவனாக வந்தவனைப் புதைக்காமல் இருக்க முடியாதே. பெட்டியில் ஈர மணலை நிரப்பிப் புதைத்தோம். தெருவே வந்தது. அவள் விழுந்து புரண்டு அழுதாள். அழுகை நிஜம்தான். காரணம்தான் வேறு.

கூதிர் 9

தம்பி உள்ளறையில், தோல் மூட்டைகளுக்கு நடுவில். முதல் வாரம் கேலி பேசினான்: "செத்தவனுக்குப் பசிக்குதுக்கா." இப்போது அதுவும் இல்லை. தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்குகிறான். அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இதுவரை சொல்லவில்லை.

இன்று அவன் மனைவி ஏதோ கேட்கப்போய், "அங்க கைதியாவாவது இருந்தேன். இங்க அதுகூட இல்ல" என்றான். அவள் சாப்பிடாமலே தைக்கப் போய்விட்டாள். நான் செய்தது சரியா? உயிரைக் கொண்டுவந்தேன். வாழ்க்கையைக் கொண்டுவந்தேனா?

கூதிர் 20

பாலம். மீசை குனிந்து, "குறட்டை தாங்கலையாம். அடுப்படியில போய்ப் படுக்கிறா" என்றார். கண் கலங்கியிருந்தது.

கல்லுமூஞ்சி தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுநாள்வரை எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கூதிர் 31

பிற்பகல். நல்ல மழை. கதவைத் தட்டும் சத்தம். தம்பி மனைவி திறந்தாள். கல்லுமூஞ்சி. ஈட்டி இல்லை, தலைப்பாகை இல்லை, சொட்டச் சொட்ட நனைந்து. உள்ளே வரலாமா என்று கேட்டார். அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் தண்ணீர் கொடுத்தாள். குவளை தளும்பியது. அவர் வாங்கிக் குடிக்காமலே வைத்திருந்தார்.

"என் பையன்..." என்றார். பிறகு, "நாலு வருஷமாச்சு. கல்மலையில இருக்கறதா ஒரு பேச்சு. இருக்கானா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

நான் என்ன சொல்வது? தெரியும் என்றால் எல்லாம் வெளியே வந்துவிடும். பொறி வைக்கிறாரா? அன்று பாலத்தில் நின்றவர் பொறி வைப்பாரா? ஆனாலும் வாய் பயத்தில் தானாகச் சொன்னது: "நான் பொணம் கழுவுறவ. எனக்கென்னங்க தெரியும்?"

"சரிம்மா" என்று எழுந்தார். கோபம் இல்லை. குவளையைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது.

தம்பி வெளியே வந்தான். வந்த நாளிலிருந்து அந்த நிலைப்படியைத் தாண்டாதவன். தம்பி மனைவி பாய்ந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். அவன் அவர் முன்னால் போய் நின்று, "உட்காருங்க" என்றான்.

அவர் உட்கார்ந்தார்.

"பையன் எப்படி இருப்பான்? அடையாளம் சொல்லுங்க. மலையில மேல் கொட்டகை, கீழ்க் கொட்டகைன்னு ரெண்டு இருக்கு. நான் ரெண்டுலயும் இருந்திருக்கேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். குரல் உடைந்தது. தம்பி பொறுமையாகக் கேட்டான், பிறகு அவனே பேசினான். எந்தக் கொட்டகையில் யார் காவல், எந்தக் காவலன் இரக்கமுள்ளவன், காய்ச்சல் வந்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்று எல்லாம். இத்தனை நாள் எங்களிடம் சொல்லாததெல்லாம். இடையிடையே இருமினான், பேச்சை நிறுத்தவில்லை.

மழை விட்டும் அவர் கிளம்பவில்லை. தம்பி மனைவி உள்ளே போய் நான்கு தட்டு எடுத்துவந்து வைத்தாள்.