வசந்தாவுக்குப் போட்ட வருகை

8 பிப்ரவரி 1971, திங்கள்

காலையில் பனி. பால்காரர் லேட். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, கேட்க வேண்டும்.

பத்து மணிக்குத் த.ஆ. (தலைமை ஆசிரியை) கூப்பிட்டு ஒரு மெமோவை நீட்டினார். பள்ளி ஆய்வாளர் கையெழுத்து. வெள்ளியன்று வந்து பதிவேடு பார்த்தாரே, அதன் பலன். என் வகுப்பு வசந்தா போன வாரம் பள்ளிக்கே வரவில்லை, தினமும் வருகை போட்டிருக்கிறது, அதை நான் 'கண்டோன்' செய்திருக்கிறேனாம். மூன்று நாளில் விளக்கம்.

பொய் இல்லை. நான்தான் போட்டேன். அவள் வீட்டில் தறி. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. அப்பா புடவையின் உடலை நெய்தால், அந்தப் பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் தறி நாடாவைத் தள்ள வேண்டும். முகூர்த்த மாசம் என்றால் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. வருகை குறைந்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். எல்லா டீச்சரும் போடுவதுதான். மாட்டியது நான்.

வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஜூனில் ஆர்டர் வர வேண்டும். அம்மாவுக்கும் எனக்கும் இந்த ஒரு சம்பளம்.

9, செவ்வாய்

வெயில். அம்மாவிடம் சொல்லவில்லை.

கணக்கு டீச்சருக்கு எதற்கு இங்கிலீஷ் என்று இருந்தது தப்பு. அகராதியில் 'கண்டோன்' (condone): பிழை பொறுத்தல், தப்பென்று தெரிந்தும் விட்டுவிடுதல். இவ்வளவுதானா என்று கொஞ்சம் மூச்சு வந்தது. இங்கிலீஷ் டீச்சர் சரோஜா அதையும் கெடுத்தாள்.

"தப்பு பண்ணவங்களுக்கு இந்த வார்த்தை வராதுபா. பாத்துக்கினு சும்மா இருந்தவங்களுக்குத்தான்."

"போன வருஷம் நாம லிஸ்டை லேட்டா அனுப்பினப்போ, கண்டோன் பண்ணியாச்சுன்னு ஆய்வாளர் ஆபீஸ்லேருந்தே எழுதியிருந்தாங்களே?"

"அவங்க பண்ணலாம், அதிகாரம் இருக்குது. உனக்கு ஏது?"

அகராதியை மூடி வைத்தேன்.

10, புதன்

வசந்தாவின் அப்பா பள்ளி வாசலில். விஷயம் கேள்விப்பட்டு வந்தாராம். கண்ணைப் பார்க்கவில்லை. ஆய்வாளருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

போன புதன் ஆய்வாளரே வீட்டாரோடு வந்தாராம். அவர் மகளுக்குக் கல்யாணம். கூறைப்புடவை தறியில் எப்படி வருகிறது என்று பார்க்க. எந்த ஸ்கூல், எந்த வகுப்பு என்று வசந்தாவைக் கேட்டிருக்கிறார். அவளும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

"பொண்ணைத் தறியிலேருந்து எழுப்பாதேப்பா, கை நல்லா ஓடிக்கினு இருக்குது, அடுத்த வெள்ளிக்கெல்லாம் புடவையை அறுத்துக் குடுத்துடுன்னாரு டீச்சர்."

அப்படியானால் அவர் செய்ததற்கு என்ன பெயர்? சரோஜாவிடம் கேட்கவில்லை. கேட்கவே பயம்.

11, வியாழன்

விளக்கம் மூன்று தரம் எழுதினேன். மூன்றாவதில் கடைசியாக ஒரு வரி: வசந்தா அன்று நெய்துகொண்டிருந்தது தங்கள் மகளின் கூறைப்புடவை. எங்கிருந்து தைரியம் வந்ததோ. ஆய்வாளர் ஆபீசுக்குப் பஸ் ஏறும்போதே அது போய்விட்டது.

அவரிடம் நேரில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரும்மா. எல்லாம் சரியா எழுதியிருக்கே. கடைசி வரி மட்டும் வேணாம். ஜூன்லதானே உனக்கு ஆர்டர்? அது பாட்டுக்கு வரும்."

வெள்ளைத் தாளும் தன் பேனாவும் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அந்த வரி இல்லாமல்.

12, வெள்ளி

பனி இல்லை. மெமோ வாபஸ். த.ஆ. காபி வாங்கித் தந்தார்.

முதல் பீரியட் வருகை. வசந்தா இடம் காலி. புடவையை இன்று சாயந்திரம்தான் தறியிலிருந்து அறுக்கிறார்கள். வந்ததாகப் போட்டேன். வராத மற்ற ஆறு பேருக்கும் போட்டேன். ஆய்வாளர் என்னைக் கண்டோன் செய்துவிட்டார், நான் அவரை; இனி என்னை யாரும் கேட்கமாட்டார்கள். மெமோ வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை.